வெற்றிலைக் கடையின் லை

மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு வெற்றிலைக் கடை. அதன் பலகையில் இருந்த ‘லை’ இன்று நாம் எழுதும் லை அல்ல, யானைத் துதிக்கையைத் தூக்கினாற்போல் நிற்கும் பழைய லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகும், பழகிய கை கேட்காமல் அப்படியே எழுதிவந்த போர்டு ஆர்ட்டிஸ்டுகள் உண்டு. அந்த ஓர் எழுத்துக்காகத்தான் நான் சுவரெழுத்து பாணியில் ஓர் எழுத்துரு செய்ய உட்கார்ந்தேன். பிளெக்ஸ் வந்து தூரிகைக்காரர்களின் பிழைப்பு போய்விட்டது. எழுத்தாவது மிஞ்சட்டும் என்று ஒரு வீறாப்பு.

அலுவலகத்தில் சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு. ஓர் அகராதிக்கான எழுத்துரு. எட்டுப் புள்ளி அளவில், அதாவது பொடி எழுத்தில், அச்சாக வேண்டும்.

தமிழுக்கு 247 எழுத்து என்றதும் பலர் மலைப்பார்கள். உண்மையில் அத்தனையும் வரைய வேண்டியதில்லை. துணைக்காலும் கொம்புகளும் ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்க்கும் ஆகும். உயிரை வாங்குவது உகர, ஊகார வரிசைதான். கு ஒரு மாதிரி வளையும், து ஒரு மாதிரி, நூ இன்னொரு மாதிரி. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 எழுத்துகளைத் தனித்தனியாகத்தான் வரைந்தாக வேண்டும். சின்ன அளவில் தொல்லை வேறு வகை: மூன்று சுழி ண-வில் மை அடைத்துக்கொண்டால் அது இரண்டு சுழி ன ஆகிவிடும். ர-வின் அடிக்கீற்று மங்கினால் துணைக்கால். அகராதியில் இது நடந்தால் சொல்லே மாறிப்போகும்.

பகலில் அகராதி, இரவில் சுவரெழுத்து என்று இரண்டு வருடம் ஓட்டினேன். நேரம் போதவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சோதனை அச்சைப் பார்த்தபோது புரிந்தது, நேரம் அல்ல பிரச்சினை. அகராதியின் கு வாலைச் சுழற்றிக்கொண்டு மிடுக்காக நின்றது. கடைப் பலகைக்கு அது அழகு. எட்டுப் புள்ளியில் அந்த வால் கீழ்வரியை இடித்தது. வீட்டுக்கு வந்து சுவரெழுத்தைத் திறந்தால் அங்கே நேர்மாறு: தூரிகை தடித்து மெலிய வேண்டிய இடமெல்லாம் ஒரே சீராக, அரசாங்கப் படிவம் மாதிரி. கண் ஒன்றுதானே இருக்கிறது! இரண்டு எழுத்துருவையும் நான் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் எதை விடுவது என்று ரொம்ப யோசித்ததாகச் சொன்னால் கௌரவமாக இருக்கும். அப்படி இல்லை. “அகராதிக்காரர் திரும்பவும் போன் பண்ணாரு. என்னம்மா சொல்லட்டும்?” என்று முதலாளி கேட்டார். அகராதிக்கு ஒருவர் காத்திருக்கிறார், சுவரெழுத்துக்கு நான் மட்டுந்தான். அதிகம் பிடித்ததைத்தான் விட்டேன் என்பது இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது.

சுவரெழுத்தின் கணினிக் கோப்பையும், தெருத்தெருவாக அலைந்து எடுத்த பலகைப் படங்களையும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுத்தேன். அடுத்த நாளே அகராதி ண-வின் சுழிகளை அகலப்படுத்தும் வேலை ஓடத் தொடங்கியது. விட்ட வருத்தத்தில் கை நின்றுபோகும் என்று பயந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவு சுருக்காக வேலை நடந்தது.

நான்கு மாதம் கழித்து அவன் முதல் வரைவைக் காட்டினான். துதிக்கை லையைக் காணோம்.

“இப்ப யாருக்குக்கா அதைப் படிக்கத் தெரியும்?”

மாற்று வடிவமாகவாவது உள்ளே வைடா என்று வாய்வரை வந்தது. அவனுடைய ழ என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை மட்டும் சொன்னேன்.

பழைய லை தனிக் கோப்பாக என் கணினியில் இருக்கிறது. அதைத் திறப்பதே இல்லை என்று சொன்னால் பொய்.