பறைக்கு பில் கேட்டார்கள்

செங்கம் பக்கம் எங்கள் ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடியில் 2016இலிருந்து பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுக்கிறோம். அடித்துக் காட்டுவது ஆசான். சுண்டல் வேகவைப்பது, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு பஸ் காசு கொடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் நான். கைக்காசில் மூன்று வருஷம் ஓட்டினோம். பறைகள் ஒவ்வொன்றாகக் கிழிய ஆரம்பித்தபோது, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்துக்குக் கேட்டுப் பாரேன் என்று ஒரு நண்பர் சொன்னார். அது 2019. பணம் கணக்கில் விழுந்தது 2024 பிப்ரவரியில்.

கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவுப்படி, ஒரு வருஷத்தில் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். ஆனால் மரத்தடி வகுப்புக்கு அதைத் தர முடியாது. சார்பதிவாளர் ஆபீசில் டிரஸ்ட் பதிவு, பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தருகிற தர்ப்பண் எண், கடைசியாக சி.எஸ்.ஆர். பணம் வாங்க மத்திய அரசிடம் பதிகிற சி.எஸ்.ஆர்.-1 படிவம் என்று வரிசையாக ஏறி வர வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் 40,000 கேட்டார். தர்ப்பணில் பதிய ஒரு பைசா கட்டணம் கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நல்லவேளை, அவரிடம் கொடுக்கிற அளவுக்கு எங்களிடம் பணமும் இல்லை.

காகிதமெல்லாம் தயாரான பிறகு இன்னொரு முட்டுக்கட்டை. இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும் என்கிறது விதி. 2016இலிருந்து நடத்துகிறோமே என்றேன். "கணக்கு எங்க சார்?" என்றார் ஆடிட்டர். வகுப்பு நடந்ததற்கு ஊரே சாட்சி. சுண்டல் வாங்கியதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. பதிவுக்குப் பிந்தைய மூன்று வருஷக் கணக்கைத் தணிக்கை செய்து முடிக்கும் வரை காத்திருந்தோம். அதில் பாதி, ஊரடங்கில் வகுப்பே நடக்காத காலம். இப்போது மிட்டாய் வாங்கினாலும் ரசீது கேட்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார்.

கம்பெனிக்குப் போட்ட முதல் விண்ணப்பம் தோற்றது. அதில் நான் பறையின் தொன்மையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். தலைப்பு "கல்வி" என்று போட்டேன். எத்தனை பிள்ளைகள் பள்ளித் தேர்வில் முன்னேறினார்கள் என்று கேட்டார்கள். நான் எங்கே போவேன்? சட்டத்தின் 7ஆவது அட்டவணையில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது தனி இனமாகவே இருக்கிறது. இரண்டாம் முறை அந்த இனத்தில் போட்டேன். பறையின் பெருமையை ஒரு பத்தியாகச் சுருக்கி, எத்தனை பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை, வாரம் எத்தனை மணி நேரம், எத்தனை அடவு என்று எழுதினேன். "சாவுக்கு அடிக்கிறதையா என் புள்ளைக்குக் கத்துத் தர்றே?" என்று முதல் வருஷம் வாசலில் நின்று கத்திய ஒரு அப்பா, இப்போது மகளைத் தானே வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். அதையும் இரண்டு வரியில் சேர்த்தேன். அந்த இரண்டு வரியைத்தான் அவர்கள் ஆபீசில் படித்துவிட்டுக் கூப்பிட்டார்களாம்.

பட்ஜெட்டில் பெரிய இழுபறி. 20 பறைக்கு 70,000, ஆசானுக்கு மாதம் 12,000 வீதம் 1,44,000, சுண்டலும் பஸ்ஸும் 66,000, தணிக்கைக்கு 15,000. மொத்தம் 2,95,000. பறைக்கு உடனே சரி சொன்னார்கள். பொருள் என்றால் படம் எடுக்கலாம், பெயர் எழுதலாம். ஆசான் சம்பளத்தைப் பார்த்ததும் "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்" என்று கையை விரித்தார்கள். அந்த வரம்பு, சி.எஸ்.ஆர். வேலைகளை நிர்வகிக்க கம்பெனி தானே செய்கிற செலவுக்கு உரியது. சொல்லிக்கொடுப்பவர் கூலி எப்படி நிர்வாகச் செலவு ஆகும்? அவர் இல்லாமல் 20 பறையும் சுவரில் தொங்கத்தானே போகிறது? ஒரு மாதம் மெயில் போட்டு வாதாடினேன். "சம்பளம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பயிற்சிச் செலவு" என்று எழுதியதும் அதே தொகை அப்படியே பாஸ் ஆனது.

பணம் பிப்ரவரியில் வந்தது. பறைப் பணத்தை மார்ச் 31க்குள் செலவழித்து பில் அனுப்பச் சொன்னார்கள். பறை கட்டுகிற பெரியவரிடம் ஜி.எஸ்.டி. பில் கேட்டால் அவர் என்ன செய்வார்? வேப்பங்கட்டையில் சட்டம் செய்து தோல் இழுத்துக் கட்டுகிறவர். ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகிற அளவுக்கு, வருஷம் 40 லட்சத்துக்கு மேலா வியாபாரம் செய்கிறார்? ஆடிட்டர்தான் வழி சொன்னார்: 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள், ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பெரியவர் ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் பறைக்குப் பத்திரம் எழுதினது இதான் முதல் தடவை" என்றார்.

பறையின் மேல் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். தோலில் எது ஒட்டினாலும் சத்தம் செத்துவிடும் என்று ஆசான் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பேனரில் போட்டுச் சமாளித்தோம்.

பார்வையிட கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்த அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். தோல் நமுத்துப் போய், அடித்தால் அட்டையில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஆசான் அவசரப்படவில்லை. வைக்கோலைக் கொளுத்தி ஒவ்வொரு பறையாகக் காய்ச்சினார். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா மெதுவாக எழுந்து வந்து நெருப்புப் பக்கத்தில் நின்றார், ஒரு பறையைக் கையில் வாங்கிக் காய்ச்சியும் பார்த்தார். பிறகு பிள்ளைகள் அடித்தார்கள்.

அடுத்த வருஷத்துக்கான படிவத்தை அவர்களே அனுப்பினார்கள். அதில் பொருள்கள் பட்டியலின் கடைசியில், நான் கேட்காமலேயே, "வைக்கோல்: ரூ. 2,000" என்று ஒரு வரி இருந்தது.