பிப் காணாமல் போன சனிக்கிழமை

எங்கள் அடுக்ககத்தின் மாதாந்திரப் பராமரிப்புக் கணக்கு என் தலையில். தண்ணீர் லாரி, லிஃப்ட், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கும். நான் எழுதிய சின்ன பைதான் ஸ்கிரிப்ட் அதை 24 வீட்டுக்கும் பிரித்து பில் போட்டுவிடும். அதற்கு வேண்டிய பேக்கேஜ்களைத் தனியே வைத்துக்கொள்ளும் ஃபோல்டரான ஒரு வென்வுக்குள் (venv) இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு வெள்ளி இரவு லேப்டாப்பின் இயங்குதளத்தை உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றினேன். மாற்றம் ஒழுங்காகவே முடிந்தது. மறுநாள் பில் அனுப்ப வேண்டிய நாள் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

காலையில் வென்வை ஆக்டிவேட் செய்து ஸ்கிரிப்டை ஓட்டினால், அட்டவணைகளைக் கையாளும் பேக்கேஜான ‘பாண்டாஸ் இல்லை’ என்றது. சரி, திரும்ப நிறுவினால் போச்சு என்று, பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பைக் (pip) கூப்பிட்டேன். ‘பிப் என்று ஒரு மாட்யூல் இல்லை’ என்று வந்தது. பிப் கமாண்டே, பிப் இல்லை என்று சொல்கிறது!

இங்கேதான் தடம் மாறினேன். பிப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, உபுண்டுவின் நிறுவியான ஆப்ட் வழியாக சிஸ்டத்துக்கு ஒரு பிப்பை நிறுவினேன். வென்வுக்குள் ஒன்றும் மாறவில்லை. வெளியே இன்னொரு டெர்மினலில் முயன்றால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுவது, இங்கே கை வைக்காதே என்று தடுத்தது. உபுண்டு 23.04 முதல் இந்தத் தடை உண்டு. அதை மீற ஒரு வழியும் அந்த எரரிலேயே இருக்கிறது: ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற ஆப்ஷன். உடைக்கப் போகிறாய் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு அவசரமானாலும் அதைத் தொடாதீர்கள். கணினியின் சொந்த வேலைகள் பலவும் அந்த பைதானை நம்பித்தான் ஓடுகின்றன.

அப்புறம் நினைவுக்கு வந்தது என்ஷ்யூர்பிப். பைதான் 3.4 முதல் கூடவே வரும் மாட்யூல், இணையம் இல்லாமலே பிப்பை நிறுவிக் கொடுக்கும். ஓட்டினேன். அதுவும் இல்லையாம்! உபுண்டுவும், அதற்கு அடிப்படையான டெபியனும் அதைத் தனியாகப் பிரித்து வென்வ் பேக்கேஜுக்குள் வைத்திருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் எரர் சொன்னதைக் கேட்டு, பைதான் 3.10-க்கான வென்வ் பேக்கேஜை நிறுவியிருந்தேன். உபுண்டு 24.04-இல் வருவது பைதான் 3.12. பதிப்பு எண் ஒட்டிய பேக்கேஜ், பழைய பதிப்போடு சேர்ந்து போய்விட்டது. எண் இல்லாத ‘பைதான்3-வென்வ்’ நிறுவியிருந்தால் அது தானாக 3.12-க்கு மாறியிருக்கும்.

அதை நிறுவி, வென்வுக்குள் என்ஷ்யூர்பிப்பை மறுபடி ஓட்டியதும் பிப் வந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்து ‘பிப் லிஸ்ட்’ அடித்தால் பட்டியலில் ஒரே பெயர்: பிப்.

அப்போதுதான் வென்வின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த பைதான் வெறும் சிம்லிங்க், அதாவது ஒரு சுட்டி; சிஸ்டத்தின் பைதானைக் கைகாட்டிக்கொண்டு நின்றது. சிஸ்டம் 3.12-க்குப் போனதும் வென்வும் கூடவே போய், ‘பைதான்3.12’ என்ற ஃபோல்டரில் பேக்கேஜ்களைத் தேடியிருக்கிறது. என் பேக்கேஜ்கள் பழைய பிப் உட்பட அத்தனையும் பக்கத்திலேயே ‘பைதான்3.10’ ஃபோல்டரில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து நான் வைத்தியம் பார்த்தது ஆரோக்கியமான ஆளுக்கு.

அவற்றை அப்படியே புது ஃபோல்டருக்கு நகலெடுக்கலாமா என்று கை அரித்தது. பாண்டாஸ் நம்பியிருக்கும் கணக்கு பேக்கேஜான நம்பையின் உள்ளே பார்த்தால், தொகுத்த கோப்புகளின் பெயரிலேயே ‘சிபைதான்-310’ என்று இருக்கிறது. 3.12-இல் அவை ஏறாது. புது வென்வ்தான் வழி.

ஆனால் எந்தெந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு? பேக்கேஜ்களின் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு எழுதி வைக்காத சோம்பேறி நான். பிழைத்தது பழைய ஃபோல்டரால். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் ஒரு ஃபோல்டர் உண்டு, அதன் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். அதற்குள் ‘ரெக்வெஸ்டட்’ என்ற காலிக் கோப்பு இருந்தால், அது நாமே கேட்டு வாங்கியது; இல்லையென்றால் வேறொன்றுக்குத் துணையாக வந்தது. நான் கேட்டவை மூன்றே மூன்று! இந்த ஒரு கண்டுபிடிப்புக்காக அந்தக் காலையை மன்னிக்கலாம். வென்வ் கெட்டுவிட்டது என்று உடனே அழித்துவிடாதீர்கள்.

பழைய எண்களோடு நிறுவப் பார்த்ததில் நம்பை அடம்பிடித்தது. அந்தப் பதிப்புக்கு 3.12-க்கான வீல் (முன்பே கட்டிவைத்த பேக்கேஜ்) கிடையாது. மூலத்திலிருந்து கட்ட முயன்று, 3.12-இல் நீக்கப்பட்டுவிட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலைத் தேடி விழுந்தது. 1.26-க்கு ஏற்றினேன், சரியானது. பாண்டாஸையும் ஏற்றினேன்; பாண்டாஸ் 2-இல் ‘அப்பெண்ட்’ என்ற கட்டளை இல்லாததால் ஸ்கிரிப்டில் ஒரு வரியை ‘கன்கேட்’ ஆக்க வேண்டியிருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எனக்கு ஒழுங்கு முற்றி, ‘பில்2’ என்று வைத்த புது வென்வை ‘பில்’ என்று பெயர் மாற்றினேன். ஆக்டிவேட் செய்து பிப்பைக் கூப்பிட்டால் மறுபடி அதே ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுவது’ எரர். வென்வின் ஆக்டிவேட் ஸ்கிரிப்டிலும் பிப் கோப்பின் முதல் வரியிலும் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். பெயரை மாற்றியதும் ஆக்டிவேட் இல்லாத இடத்தைக் காட்டியது. காலையில் நான் கெஞ்சிக் கூப்பிட்டு நிறுவிய சிஸ்டம் பிப் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. டெர்மினலின் அடைப்புக்குறிக்குள் ‘பில்2’ என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஓடுவது எந்த பிப் என்று காட்டும் ‘விச் பிப்’ அடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அழித்து, சரியான பெயரிலேயே புதிதாக உருவாக்கினேன். பட்டியல் கையில் இருந்ததால் ஐந்து நிமிட வேலை.

மதியம் ஒன்றரைக்கு 24 பில்லும் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது நிமிடம் செயலாளர் சார் கூப்பிட்டார்.

“தம்பி, மூணாவது மாடிக்காரர் பேர்ல ஒரு கால் விட்டுப்போச்சு பாருங்க.”