துபாய் கடை வேலை: விசாவுக்குக் காசு கட்ட வேண்டியது யார்?

துபாய்க்கு வந்ததிலிருந்து ஊரிலிருந்து பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, "விசாவுக்கு எவ்வளவு கொடுத்தே?" என்றுதான். எதுவும் கொடுக்கவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கும் (அது உண்மையானதுதான் என்று அரசு முத்திரை வாங்குவது) பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் என் கைக்காசு போனது, அது உண்மை. விசாவுக்கு, பெர்மிட்டுக்கு, டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. கடை வேலையில் நல்ல அனுபவத்தோடு இருக்கிற எத்தனையோ பேர் நகையை அடகு வைத்தால்தான் வளைகுடாவுக்குக் கிளம்ப முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை பில்லிங்கில் ஆரம்பித்து, பிறகு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மளிகைப் பகுதிக்கு சூப்பர்வைசராக இருந்தேன். முதலில் ஆசை லண்டன் மேல்தான் இருந்தது. ஆனால் பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, வேலையும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும். கடை வேலைக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. இன்னமும் "யுகே சூப்பர் மார்க்கெட், ஸ்பான்சர்ஷிப் ரெடி" (கம்பெனியே விசாவுக்குப் பொறுப்பேற்கும்) என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் தயவுசெய்து அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

துபாய் இருக்கிற அமீரகத்தில் கதை வேறு. பொதுவாக வெளிநாட்டுக்காரர் ஒருவர் கம்பெனி வேலைக்கு வந்தால் எடுக்கிற கம்பெனிதான் மனிதவள அமைச்சகத்தில் ஒர்க் பெர்மிட் வாங்க வேண்டும், விசாவும் அவர்கள் பெயரில்தான் வரும். ஸ்பான்சர்ஷிப் என்பது அங்கே தனியாகக் கெஞ்சி வாங்குகிற சலுகை கிடையாது, வேலைக்கு எடுப்பதன் ஒரு பகுதி. 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டம் (2021ஆம் ஆண்டின் 33ஆவது சட்டம்), ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வசூலிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. நம் ஊரில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம், ரசீது கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் என்ன பெயரில் கேட்டாலும் சட்டத்துக்கு வெளியேதான்.

எனக்கும் ஒருவர் ஆசை காட்டினார். "தம்பி, ஃப்ரீ விசா இருக்கு, போய் இறங்கி எந்தக் கடையில வேணா சேர்ந்துக்கலாம்" என்றார். ஃப்ரீ விசா என்று ஒரு விசாவே சட்டத்தில் இல்லை. யாரோ ஒருவருடைய கம்பெனி பெயரில் விசா அடித்துக்கொண்டு வேறு இடத்தில் வேலை பார்ப்பது அது, பிடிபட்டால் நாடு கடத்தல் வரை போகும். விசிட் விசாவில் வந்து இன்டர்வியூ போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் பெர்மிட் வருவதற்கு முன்பே "நாளைக்கே கடைக்கு வா, விசா மாத்திக்கலாம்" என்று சொல்கிற முதலாளியிடம் போகாதீர்கள். பெர்மிட் இல்லாமல் ஆளை வேலை வாங்கினால் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இவ்வளவு ஆபத்தைத் தலையில் வைத்துக்கொள்கிற முதலாளி உங்கள் சம்பளத்தை மட்டும் ஒழுங்காகத் தருவாரா என்று யோசியுங்கள்.

சரி, வேலை எப்படிக் கிடைத்தது? லுலு, லேண்ட்மார்க், அப்பேரல் குரூப் மாதிரி பெரிய ரீடெயில் குழுமங்கள் எல்லாவற்றுக்கும் சொந்தமாக கேரியர்ஸ் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அவ்வப்போது அறிவிப்பு போடுகிறது, ஏஜென்ட் வழியாகத்தான் போவது என்றால் வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நான் நேரடியாகவே போட்டேன். ரெஸ்யூமில் 'சின்சியர், ஹார்ட்வொர்க்கிங்' போன்ற வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டேன், கடை எத்தனை சதுர அடி, ஒரு நாளைக்கு எத்தனை பில், ஷ்ரிங்கேஜ் (திருட்டு, சேதம், கணக்குப் பிழையால் குறைகிற சரக்கு) எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைந்தது என்று எழுதிய பிறகுதான் பதில்களே வர ஆரம்பித்தன.

இன்டர்வியூ எழும்பூர் பக்கம் ஒரு ஓட்டலில் நடந்தது. ஆங்கிலத்தில் பெரிதாக ஒன்றும் சோதிக்கவில்லை. "சிஸ்டத்தில் 40 எண்ணெய் பாட்டில், ரேக்கில் 34, முதலில் எங்கே பார்ப்பாய்?" என்று கேட்டார் ஒருவர். சரக்கு இறங்கியபோது ஒரே பில் இரண்டு தடவை என்ட்ரி ஆகியிருக்கிறதா, உடைந்த பாட்டிலை டேமேஜில் எழுதினார்களா, அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர் பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டார்களா, இதெல்லாம் பார்த்த பிறகுதான் திருட்டை யோசிப்பேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சே வேறு மாதிரி ஆனது, ரம்ஜான் கூட்டத்துக்கு ஷிஃப்ட் எப்படிப் போடுவாய் என்று கேட்க, ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் செய்ததைச் சொன்னேன். நம் கடைகளில் தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்த அனுபவம் சின்ன விஷயமே இல்லை, அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஆஃபர் லெட்டர். கம்பெனி லெட்டர்ஹெட்டில் வருவது ஒன்று, அமைச்சகத்தின் படிவத்தில் வருவது இன்னொன்று, இரண்டாவதுதான் கணக்கில் வரும். அது தமிழிலும் கிடைக்கிறது என்பது பல பேருக்குத் தெரியவில்லை, கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கிற எண்ணை வைத்து அமைச்சகத் தளத்தில் சரிபார்க்கலாம். அப்புறம் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விடும்போது வருகிற கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். மொத்தம் 3,500 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். பேசிக் 1,500 என்றால் வருடத்துக்கு 1,050 திர்ஹாம், அதே பேசிக் 2,500 என்றால் 1,750. சம்பளம் ஒன்றேதான், எழுதியிருக்கிற விதம்தான் வேறு. ரூம், போக்குவரத்து கம்பெனி தருகிறதா, அலவன்ஸாகப் பணமாக வருகிறதா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் இடம்) வாடகையே சம்பளத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

சூப்பர்வைசர் பதவிக்கு என்னிடம் டிகிரி அட்டெஸ்டேஷன் கேட்டார்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகப் போக வேண்டும், ஆஃபர் வந்த பிறகு ஆரம்பித்தால் அவசரப்பட வேண்டியிருக்கும். பத்தாவது முடிக்காமல் இசிஆர் பாஸ்போர்ட் (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவைப்படுகிற வகை) வைத்திருப்பவர்கள் இ-மைக்ரேட் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்காமல் விமானம் ஏற முடியாது.

வந்து இறங்கிய பிறகு ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, எல்லாம் கம்பெனி பிஆர்ஓ (அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) கூட்டிக்கொண்டு போய் முடித்தார். விசா வேலைக்காகப் பாஸ்போர்ட்டை வாங்கினால் முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள், கம்பெனி அதை வைத்துக்கொள்ள உரிமை இல்லை. ப்ரொபேஷன், அதாவது சோதனைக் காலம், ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பிரச்சினை என்றால் துபாயில் இந்திய அரசின் பிரவாசி உதவி மையம் இருக்கிறது.

என் சித்தி மகனுக்கு இப்போது ஷார்ஜாவில் ஒரு கடையிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. மொத்தச் சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசிக் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை, அமைச்சகப் படிவமும் வரவில்லை. இரண்டையும் மெயிலில் கேட்டு எழுதியிருக்கிறான். பதில் வருகிற வரைக்கும் இருக்கிற வேலையில் ராஜினாமா கொடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.