நான்கு பேர், பதினைந்து நிமிடம், மூன்று அனிமே பாட்டுகள்

என் மகள் ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2023 செப்டம்பரில் நடந்த பள்ளியின் பண்பாட்டு விழாவில் தன் இசைக்குழுவோடு முதல்முறையாக மேடையேறினாள். புங்கசாய் என்று அழைக்கப்படும் அந்த விழாவில், கெய்யோன்பு எனப்படும் மெல்லிசை மன்றத்துக் குழுக்கள் உடற்பயிற்சிக் கூடத்து மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது வழக்கம். அவள் குழுவில் நான்கே பேர்: பாடிக்கொண்டே ரிதம் கிட்டார் வாசிக்கும் தோழி, லீட் கிட்டார் மாணவன், டிரம்ஸ் வாசிக்கும் இன்னொரு தோழி, பேஸ் கிட்டாரோடு என் மகள். கருவிகளை இணைப்பதும் கழற்றுவதும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்த நேரம் 15 நிமிடம். அதற்குள் என்னென்ன வாசிப்பது என்ற பேச்சு கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது என்பதால், பரிமாறிக்கொண்டே நானும் அதில் கலந்துகொண்டேன்.

அந்த ஆண்டு ஜப்பானில் எங்கு திரும்பினாலும் 'ஓஷி நோ கோ' என்ற அனிமே (ஜப்பானிய அசைபட) தொடரின் முகப்புப் பாட்டான, யோஅசோபி இசைக்குழுவின் 'ஐடல்' கேட்டது. பில்போர்டு ஜப்பான் பட்டியலில் அது தொடர்ந்து 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை வாசித்தால் கூடம் அதிரும் என்று டிரம்ஸ் தோழி சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாட்டின் உடம்பே கணினியில் கட்டிய ஒலிகளால் ஆனது. கீபோர்டுகூட இல்லாத நால்வர் அதை எடுத்தால், பதிவு செய்த ஒலியைப் பின்னால் ஓடவிட்டு, டிரம்ஸ் வாசிப்பவள் காதில் தாளத் துடிப்பைக் கேட்டபடியே வாசிக்க வேண்டும். மேடையில் ஒருவர் ஒரு வரி தவறினாலும் ஓடுகிற பதிவு அவருக்காக நிற்காது. கூட இருப்பவர் தடுமாறினால் காத்திருந்து சேர்த்துக்கொள்ள முடிகிற பாட்டுதான் மாணவர் குழுவுக்கு ஏற்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களும் அதே காரணத்துக்காகத்தான் 'ஐடல்' வேண்டாம் என்று விட்டார்கள்.

லீட் கிட்டார் மாணவனின் ஆசை 'காட் நோஸ்'. 2006-இல் வந்த 'சுசுமியா ஹருஹி' தொடரில், பள்ளி விழா நாளன்று ஒரு குழுவில் பாடுபவரால் மேடையேற முடியாமல் போக, அவருக்குப் பதிலாக ஹருஹி பாடும் பாட்டு அது. அதன் கிட்டார் பகுதி வேகமும் நுணுக்கமும் நிறைந்தது. கதையில் அதை வாசிக்கும் நாகாத்தோ மனிதப் பெண்ணே அல்லள், வேற்றுலகச் சக்தி ஒன்று படைத்து அனுப்பியவள். திரையில் பள்ளி மாணவர்கள் வாசிப்பதாகக் காட்டப்படும் இத்தகைய பாட்டுகளைப் பதிவில் வாசித்திருப்பவர்கள் கைதேர்ந்த தொழில்முறைக் கலைஞர்கள். அந்த மாணவன் ஆறு நாள் விடாமல் முயன்றுவிட்டு, விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் வேண்டாம்" என்று தானாகவே சொன்னான்.

இதற்கிடையில் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்காகப் பள்ளிக்குச் சென்றிருந்த நான், ஆளில்லாத அந்த உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்தேன். மரத்தரையிலும் உயர்ந்த கூரையிலும் பட்டுத் திரும்பிய ஓசை அடங்க வெகுநேரம் பிடித்தது. அடுத்த தட்டு விழும்போது முந்தைய தட்டு இன்னும் காற்றில் இருக்கிற இடத்தில், வேகமாக அடுக்கிய சுரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து இரைச்சலாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் இதைச் சொன்னேன். "சரிம்மா, அப்போ இடைவெளி இருக்கிற பாட்டாப் பாக்கணும்" என்றாள்.

அப்படித்தான் 'கே-ஆன்!' தொடரின் 'ஃபுவா ஃபுவா டைம்' உள்ளே வந்தது. கியோட்டோ அனிமேஷன் 2009-இல் எடுத்த அந்தத் தொடர், புதிதாகக் கிட்டார் தொடுகிற ஒரு பெண்ணின் கதை என்பதால், இந்தப் பாட்டின் தொடக்கக் கிட்டார் துணுக்கு தெளிவாகவும் மூச்சுவிட இடம் வைத்தும் அமைந்திருக்கிறது. கீபோர்டு பகுதியை லீட் கிட்டாரே ஓரளவு ஈடுகட்டலாம். கதையில் முதல் பள்ளி விழாவுக்கு முன்பு அந்தப் பெண் யுய் பாடிப் பாடிக் குரலை இழந்துவிட, பேஸ் வாசிக்கும் மியோதான் பாட வேண்டியிருக்கும். தனக்கும் அந்த நிலை வரலாம் என்று என் மகள் மூன்று பாட்டுக்கும் முழு வரிகளையும் மனப்பாடம் செய்தாள்.

தாத்தா பாட்டிகளும் பெற்றோரும் அமர்ந்திருக்கும் கூடத்தில் அனைவரும் அறிந்த ஒரு பாட்டு வேண்டும் என்பதற்காக, 'எவாஞ்செலியன்' தொடருக்காக 1995-இல் தகஹாஷி யோகோ பாடிய 'ஸான்கோகு நா தென்ஷி நோ தேஸே'யைத் தொடக்கப் பாட்டாக வைத்தார்கள். தொலைக்காட்சியில் வரும் ஒன்றரை நிமிட அளவு போதும் என்று தீர்மானித்ததை நான் மிகவும் பாராட்டினேன். முழுப் பாட்டு வாசித்தால் கடைசிப் பாட்டுக்கு நேரம் இருக்காது. ஆனால் பாடுபவளுக்கு மேல் சுரங்கள் எட்டவில்லை. அதற்கு மட்டும் சுருதியை இறக்கினால், பாட்டு முடிந்ததும் மேடையிலேயே பதினாறு கம்பிகளைத் திரும்ப முறுக்க வேண்டும். எனவே இரண்டு கிட்டாரையும் பேஸையும் தொடக்கத்திலேயே அரைச் சுரம் இறக்கி, மூன்று பாட்டையும் அதே சுருதியில் வாசிப்பது என்று முடிவானது. அந்தப் பாட்டு மெதுவான ஒரு வரியைக் குரல் எடுப்பதில் தொடங்குவதால், பாடுபவள் மட்டும் கேட்கும்படி என் மகள் ஒரு சுரத்தை மெல்ல மீட்டிக் காட்டவும் பழகிக்கொண்டாள்.

மூன்றாவது பாட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2022-இல் வந்த 'பொச்சி தி ராக்!' தொடரின் கடைசிப் பகுதியில், பள்ளி விழா மேடையில் கதையின் இசைக்குழுவான கெஸ்ஸொக்கு பேண்டு வாசிக்கும் 'செய்ஸா நி நாரேத்தாரா' அது. தாவித் தாவிச் செல்லும் அதன் பேஸ் வரிக்காக என் மகள் தவம் கிடந்தாள் என்றே சொல்லலாம். கதையின் நாயகி பொச்சியின் கிட்டார் கம்பி பாதியில் அறுந்துவிட, தோழி கீத்தா தன் கிட்டாரால் பாட்டை நீட்டித்து நேரம் தர, பொச்சி தரையில் கிடந்த சாக்கே குவளையைக் கம்பிமேல் வழுக்கித் தனி வாசிப்பை முடிப்பாள். அதையே செய்ய வேண்டும் என்று லீட் கிட்டார் மாணவன் துடித்தான். மதுக் குவளையைப் பள்ளிக்குள் கொண்டுவர முடியாது; வேறு கண்ணாடிக் குழாயை வைத்து வழுக்கினாலும், அறுந்த கம்பியில்லாமல் அந்த உத்திக்குப் பொருளில்லை என்று பாடும் தோழி சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. ஆல்பத்தில் உள்ள தனி வாசிப்பையே பயில்வது என்று ஒத்துக்கொண்டான்.

மன்றத்தின் பொறுப்பாசிரியர் ஒன்றை மட்டும் நினைவூட்டினார். ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, லாப நோக்கமின்றி, நுழைவுக் கட்டணம் வாங்காமல், வாசிப்பவர்களுக்கு ஊதியம் தராமல் நடக்கும் நிகழ்ச்சியில் பிறர் பாட்டை அனுமதி கேட்காமலே வாசிக்கலாம். அந்த விலக்கு இணையத்தில் காணொளி ஏற்றுவதற்குப் பொருந்தாது. ஆகவே என்னிடம் இருக்கும் ஒரே பதிவு என் கைப்பேசியிலேயே இருக்கிறது.

விழா நாளில் என் மகள் மீட்டிய அந்த ஒற்றைச் சுரம் மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு மட்டும் கேட்டதாக நினைத்துக்கொண்டேன். பாடுபவள் கண்ணை மூடி முதல் வரியை எடுத்தாள்; பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். 'செய்ஸா'வின் தனி வாசிப்பில் லீட் கிட்டார் மாணவன் ஓரிடத்தில் பிந்தினான். டிரம்ஸ் தோழி அவனைப் பார்த்து ஒரு சுற்றைக் கூடுதலாக வாசித்து இடம் கொடுக்க, அவன் சேர்ந்துகொண்டான். மேடையை விட்டு இறங்கும்போதே அவன் சொன்னானாம், மூன்றாம் ஆண்டின் விடைபெறும் நிகழ்ச்சிக்கு 'காட் நோஸ்'தான் என்று.