தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள்

பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினாலே பைக் ஓடும் என்று காட்டும் வீடியோ மறுபடியும் சுற்றுகிறது. நாலு நண்பர்கள் அனுப்பிவிட்டார்கள். யாரும் பணத்தை இழந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பதுதான் தண்ணீர். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. சாம்பலை மறுபடி அடுப்பில் வைத்து எரிக்க முடியுமா?

சரி, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடாவைக் கரைத்து, இரண்டு பென்சில் கரிக்குச்சிகளை நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துப் பாருங்கள். மைனஸ் பக்கம் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அதுதான் ஹைட்ரஜன். பிளஸ் பக்கம் குமிழி குறைவாக இருக்கும், அது ஆக்சிஜன். கம்பியை எடுத்த நொடியே இரண்டும் நின்றுவிடும். உழைத்தது பேட்டரி, தண்ணீர் அல்ல.

1 கிலோ ஹைட்ரஜன் பிரிக்கக் குறைந்தது 39 யூனிட் மின்சாரம் வேண்டும், நடைமுறையில் 50-க்கு மேல் போகும். எரித்தால் திரும்பக் கிடைப்பது அந்த 39-ஐத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதியை இன்ஜின் வெறும் சூடாக விட்டுவிடும்.

அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் தண்ணீர்க் கார் என்று சொல்லி முதலீடு வாங்கினார். 1996-இல் ஒஹாயோ நீதிமன்றம் அது மோசடி என்று தீர்ப்பளித்து, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது.

அந்தக் கால விமானங்களே தண்ணீரைப் பயன்படுத்தினவே என்றும் சிலர் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போர் விமான இன்ஜின்களில் தண்ணீர் பீச்சியது உண்மைதான். அது சூட்டைத் தணிக்க. சக்தி கொடுத்தது பெட்ரோல்.

அப்புறம், வண்டியிலேயே தண்ணீரைப் பிரித்து மைலேஜ் கூட்டும் ஹைட்ரஜன் கிட் என்று யாராவது வந்தால், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி என்பார்கள். அதைச் சுற்றுவதும் அதே பெட்ரோல்தான்.