பனி உறையாத ஏரி

இன்று காலை பாகூர் ஏரிக்கரையில் ஒரு பெரியவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். மீனை எடுத்த நேரத்தைவிட, கண்ணிகளில் சுற்றிக்கிடந்த வேலம்பாசியை நகத்தால் கிள்ளி எடுக்கவே அவருக்கு அதிக நேரம் பிடித்தது.

“மார்கழிப் பனி இவ்வளவு கொட்டியும் பாசி சாகலையே, தம்பி” என்றார்.

பனியால் பாசி சாவது அமெரிக்காவின் மின்னசோட்டா, கனடா போன்ற இடங்களில் உண்மையாகவே நடக்கிறது. அங்கே மாதக்கணக்கில் ஏரி உறைந்து, பனிக்கட்டியின் மேல் வெண்பனி தடித்துப் படிந்துவிட்டால், வெளிச்சம் கிடைக்காத நீர்ச்செடிகள் நலிந்துபோகின்றன. அடுத்த கோடையில் பாசி குறைந்து, தூண்டில் போடுவோருக்கு நீர்ப்பரப்பு திறந்து கிடைப்பதும் உண்டு. ஆனால் அதற்கு மீன்களும் விலை கொடுக்கின்றன. செடிகள் உயிர்வளி தருவதை நிறுத்த, அழுகும் தழைகள் எஞ்சியதையும் தின்றுவிட, ஆழமில்லாத ஏரிகளில் மீன்கள் பனிக்கட்டிக்கு அடியிலேயே மூச்சுமுட்டி மடிகின்றன.

நம் பனி புல்லை நனைப்பதோடு சரி. தண்ணீர் உறைவதே இல்லை. ஆகவே உறைபனியில் கருகிவிடக்கூடிய ஆகாயத்தாமரைகூட இங்கே ஆண்டு முழுவதும் பசுமையாகப் பெருகுகிறது.

அங்கே வெண்பனி செய்வதை இங்கே அந்தப் பச்சைப் போர்வையே செய்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. ஏரியை அது முழுதாக மூடிவிட்டால் அடியில் வெளிச்சமும் இல்லை, உயிர்வளியும் இல்லை. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால் தாக்குப்பிடிக்கும். கெண்டைக்கு அந்த வழி இல்லை. விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஆகாயத்தாமரையைப் பூக்குமுன்பே வாரிக் கரையேற்ற வேண்டும்.