ஒண்ணாம் பிளாட்ஃபாரத்துல பூட்டிக் கிடந்த கதவு

போன மாசம் ஆபீஸ் வேலையா லீட்ஸ் போயிட்டு லண்டன் திரும்பும்போது வழியில ஷெஃபீல்ட்ல இறங்கிட்டேன். நேரா வந்திருந்தா வெளிச்சத்தோட வீட்டுக்கு வந்திருப்பேன், ஆனா 2007-ல படிப்ப முடிச்சு பெட்டியக் கட்டினதுக்கு அப்புறம் அந்த ஊர்ப்பக்கம் நான் போகவே இல்ல, கூடப் படிச்சவன் ஒருத்தன் அங்கயே வேலை வாங்கி கல்யாணம் பண்ணி ரெண்டு பிள்ளையோட செட்டில் ஆயிட்டான், ஒவ்வொரு தடவையும் போன்ல "வரேன் வரேன்"னு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாப் போச்சு.

ஸ்டேஷனுக்கே வந்து நின்னான். கட்டிப் பிடிச்சான், கொஞ்சம் பழசு பேசினோம், அப்புறம் கையப் பிடிச்சு இழுத்துட்டு ஒண்ணாம் பிளாட்ஃபாரத்து ஓரமா நடந்தான். "மச்சான், இந்த கதவு ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும். படிக்கும்போது மெடோஹால்ல ஒரு கடையில எனக்கு சனி ஞாயிறு வேலை, விடியக்காலைல ட்ரெயினுக்கு நிக்கும்போது குளிர் காலு வழியா ஏறும், அந்த சுவத்துல சாஞ்சுக்கிட்டு கைய பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிப்பேன். பக்கத்துல ஒரு பெரிய கதவு, எப்பவும் பூட்டியே கிடக்கும். ஏதோ ஸ்டோர் ரூம்னு நெனச்சேன், ஒரு வருஷம் பூரா சாஞ்சு நின்னும் உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கணும்னு கூட தோணல.

இப்ப அந்த கதவு திறந்திருக்கு. உள்ள போனா பப். பேரு ஷெஃபீல்ட் டாப்.

உள்ள கால வெச்சதும் நான் பேசிட்டிருந்தத நிறுத்திட்டேன். சுவர் பூரா பளபளன்னு டைல்ஸ், தலைக்கு மேல அண்ணாந்து பாக்கிற உயரத்துல பூ வேலை செஞ்ச சீலிங், நீளமா கருத்த மர பார், அதுக்குப் பின்னால கண்ணாடி. இது மிட்லேண்ட் ரயில்வே கம்பெனி 1904-ல ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணிங்களுக்காக கட்டின ரெஃப்ரெஷ்மென்ட் ரூமாம். அந்த சமயத்துலதான் கம்பெனியோட ஆர்க்கிடெக்ட் சார்ல்ஸ் ட்ரப்ஷா ஸ்டேஷனையே பெருசாக்கி முன்பக்கத்து வளைவு வரிசையெல்லாம் கட்டினாரு. அப்புறம் காலம் மாறிப் போச்சு, இத மூடினாங்க, பல வருஷம் கண்டது கடியத போட்டு வெச்சு பாழடஞ்சு போச்சு. 2009 டிசம்பர்ல தான் மறுபடியும் சரி பண்ணி பப்பா திறந்தாங்க, அதாவது நான் ஊர விட்டுப் போன ரெண்டாவது வருஷம். நான் முதுக சாச்சிருந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் இவ்வளவும் இருட்டுல இருந்திருக்குன்னு நெனச்சப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பழைய கட்டடத்த புதுப்பிக்கிறோம்னு சொல்லி பண்ற அநியாயங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். சுவர சுரண்டி சாம்பக் கலர் பெயிண்ட் அடிச்சு, நாலு பல்பு தொங்கவிட்டு, பழைய பலகைய எங்கயோ கழட்டி வித்துட்டு புதுப் பலகைக்கு பழசு மாதிரி சாயம் பூசுவாங்க. எங்க ஊர்ல செட்டிநாட்டு தூண்கள் ஒண்ணொண்ணா கழண்டு லாரியில போறதப் பாத்து வளந்தவன் நான், அதனால இந்த விஷயத்துல எனக்கு கோவம் சீக்கிரம் வரும். இங்க அப்படி செய்யல. இருந்தத இருந்த மாதிரி மீட்டிருக்காங்க. அத விட முக்கியமா, அந்த ரூம் எதுக்காக கட்டினாங்களோ அதே வேலைய திரும்ப அது கையில குடுத்திருக்காங்க. ட்ரெயினுக்கு காத்திருக்கிறவங்க உக்காந்து ஏதாவது குடிக்கிற இடம், அவ்வளவுதான். கயிறு கட்டி "தொடாதே"ன்னு போர்டு மாட்டி காட்சிக்கு வெச்சிருந்தா நான் ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்திருப்பேன்.

பக்கத்துல இருந்த பழைய டைனிங் ரூம்ல 2013-லேர்ந்து பீரே காய்ச்சுறாங்க. அந்த அழகான ஹாலோட ஒரு பக்கத்துல பெரிய பெரிய தொட்டிங்க நிக்குது, இந்தப் பக்கம் டேபிள் போட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க. நாங்க உள்ள போனப்ப வேகவெச்ச தானியம் மாதிரி லேசா ஒரு வாசம், எனக்கு என்னவோ கேப்பக்கூழ் காய்ச்சுற அடுப்படி ஞாபகம் வந்துச்சு.

பார்ல நின்ன அம்மா "என்ன வேணும் லவ்"னு கேட்டாங்க. ஷெஃபீல்ட்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, பஸ் டிரைவர் கூட. அந்த வார்த்தைய பதினஞ்சு வருஷத்துக்கு மேல கழிச்சு கேட்டப்ப ஒரு சந்தோஷம்.

பார்ல பீர் இழுக்கிற கைப்பிடி வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒரு பீரோட பேரு. ஒண்ணுல ஜெய்ப்பூர்னு இருந்துச்சு, கண்ணு அங்கயே நின்னுடுச்சு. பக்கத்து மாவட்டம் டெர்பிஷையர்ல தார்ன்பிரிட்ஜ் ஹால்ங்கிற மாளிகையில 2005-ல மொதல்ல காய்ச்சினது, 5.9 சதவீதம். இந்தியா பேல் ஏல் வகை, அதாவது ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூ தூக்கலா போட்ட பீர். அந்தக் காலத்துல கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் வெள்ளைக்காரங்களுக்கு வந்து இறங்கின பேல் ஏலோட வம்சம். நான் அந்த ஊருக்கு படிக்கப் போனப்பவே இது இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல.

தெரியாததுக்கும் காரணம் இருக்கு. படிக்கும்போது ஒரே ஒரு தடவ, ஊருக்குள்ள ஒரு பப்புல ஏல் வாங்கினேன். வெதுவெதுன்னு புளிச்சு வினிகர் மாதிரி இருந்துச்சு. இதுதான் இவங்க பெருமையா சொல்ற ஏலா, நமக்கு சரிப்படாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணினவன் தான். அது பீரோட தப்பு இல்ல, கவனிக்காம போட்டு வெச்சவங்க தப்புன்னு இன்னிக்குதான் புரிஞ்சுது.

பக்கத்து ஸ்டூல்ல இருந்த ஒரு பெரியவர் தான் புரிய வெச்சாரு, எங்க பேச்சக் கேட்டுட்டு அவரா திரும்பி உக்காந்தாரு. ரியல் ஏல்ங்கிறது உயிரோட இருக்கிற பீர். காஸ்க்ங்கிற பீப்பாய்ல அடைக்கும்போதே உள்ள ஈஸ்ட் சாகாம இருக்கும், பப்போட நிலவறைக்கு வந்த பிறகும் உள்ளுக்குள்ள புளிச்சுக்கிட்டே இருக்கும், நம்ம இட்லி மாவு ராத்திரி பூரா பொங்குற கதைதான். பீப்பாய படுக்க வெச்சு, மேல இருக்கிற அடைப்புல ஒரு சின்ன மர ஆப்பு அடிப்பாங்க, காத்து கசியுற மாதிரி மெத்து மரத்துல. கேஸ் போதுமான அளவு வெளிய போனதும் அத எடுத்துட்டு கெட்டி ஆப்பு. மண்டி அடியில படியணும், 12 டிகிரி வாக்குல குளுமை இருக்கணும், எப்ப தெளிஞ்சிருக்குன்னு நிலவறைய பாத்துக்கிறவர் ருசி பாத்து சொல்லணும். ஊத்த ஆரம்பிச்சதும் பீர் எறங்க எறங்க உள்ள காத்து போகும், அதுலேர்ந்து மூணு நாளைக்குள்ள காலியாகணும், இல்லன்னா எனக்கு வந்த அந்த வினிகர் தான். ஒரு ஃபர்க்கின் பீப்பாய்னா 9 கேலன், அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட்னா அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல), ஆள் வராத கடையில அது மூணு நாள்ல தீராது. கூட்டம் வர்ற இடத்துலதான் ஏல் நல்லா இருக்கும்னு அவர் சொன்னப்ப, ஓடுற ஹோட்டல்ல சாப்பிடுங்கற நம்ம அம்மாக்களோட அறிவுரை தான் காதுல விழுந்துச்சு.

இது ஒரு சமயம் அழிஞ்சே போயிருக்குமாம். 60-கள்ல பெரிய கம்பெனிங்க எல்லாம் பீர சூடுபண்ணி ஈஸ்ட்ட கொன்னு, கேஸ் ஏத்தி கெக்ங்கிற உலோகப் பீப்பாய்ல அடைச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க, கெடாது, யாரும் கவனிக்க வேண்டாம், லாபம். 1971-ல நாலு இளைஞர்கள் அயர்லாந்துக்கு லீவுக்குப் போன இடத்துல பேசி ஆரம்பிச்சதுதான் ரியல் ஏல காப்பாத்தப் போராடுற கேம்ரா இயக்கம். நாலு பேரு. அதுலேர்ந்துதான் இத்தனை கைப்பிடியும் இன்னிக்கு நிக்குது.

மண்டிய எப்படி படிய வைக்கிறாங்கன்னு கேட்டேன். மீனோட காத்துப்பையிலேர்ந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ்னு ஒண்ணு போடுவாங்கன்னாரு. கிளாஸ கீழ வெச்சுட்டேன். நெட்டி! எங்க அம்மா ஊரு தங்கச்சிமடம், வலையில கூறல் மீன் விழுந்தா தெருவே பேசும், அதுவும் கறிக்காக இல்ல, வயித்துக்குள்ள இருக்கிற நெட்டிக்காக. பெரியப்பா அத வெயில்ல காயப் போட்டு காக்காய்க்குக் காவல் இருக்கச் சொல்லி என்ன உக்கார வெப்பாரு, "இது வெளிநாட்டுல சாராயம் தெளிய வெக்கப் போகுதாம்டா"ன்னு சொல்வாரு. நான் அத பெரியப்பா விடுற கதைன்னுதான் இத்தனை வருஷம் நெனச்சேன். இப்பல்லாம் நெட்டி போடாம லேசா கலங்கலாவே விக்கிறவங்களும் இருக்காங்களாம். அவர் சொன்னது நெசம்தான்னு சொல்ல இப்ப பெரியப்பா இல்ல, அம்மாவுக்கு ராத்திரியே போன் பண்ணி சொன்னேன்.

பார்ல நின்ன அந்த அம்மா பீர் ஊத்தினத நான் கண்ணெடுக்காம பாத்தேன். கிளாஸ சாய்ச்சுப் பிடிச்சு கைப்பிடிய நிதானமா தன் பக்கமா இழுக்குறாங்க, தோள்லேர்ந்து வர்ற இழுப்பு. வளைஞ்ச குழாய் நுனியில பூவாளி மாதிரி பொடிப்பொடியா ஓட்டை போட்ட ஒரு மூடி, அதுக்கு ஸ்பார்க்ளர்னு பேரு, வடக்க இது இல்லாம ஊத்தினா சண்டைக்கே வருவாங்க, தெற்க போட்டா சண்டைக்கு வருவாங்க. பீர் மொதல்ல பால் மாதிரி வெளுப்பா சுழண்டு, அடியிலேர்ந்து மெதுவா தெளிஞ்சுக்கிட்டே மேல ஏறுது, கடைசில மேல ஒரு விரக்கடை நுரை, கீழ தேன் கலர். கொறஞ்சா இன்னொரு தடவ இழுத்து நிரப்பினாங்க. ருசி... மொதல்ல ஆரஞ்சு தோல் மாதிரி ஒரு வாசனை, அப்புறம் லேசா இனிப்பு, முழுங்கினதுக்கு அப்புறம் பாவக்கா மாதிரி ஒரு கசப்பு நாக்குல நிக்குது. ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இல்லாததாலதான் இவ்வளவும் தெரியுது.

அரை பைண்ட்டோட நிறுத்தலாம்னுதான் இருந்தேன், பேச்சு சுவாரஸ்யத்துல இன்னொரு அரை ஆச்சு. அவன் பிள்ளைங்க ஸ்கூல், எங்க அப்பாவோட கண் ஆபரேஷன், செத்துப்போன ஒரு நண்பன், எல்லாம் பேசினோம். பாட்டு எதுவும் அலறல, அதனால மெதுவா பேச முடிஞ்சுது.

ட்ரெயினுக்கு பத்து நிமிஷம் இருக்கும்போது ஒருத்தர் வந்து ஜெய்ப்பூர் கேட்டாரு. அந்த அம்மா கைப்பிடிய இழுத்தாங்க, புஸ்ஸுன்னு காத்தும் நுரையுமா தெறிச்சுது. பீப்பாய் காலி. "சாரி லவ்"ன்னு சொல்லி பேரு போட்ட அட்டைய முதுகுப்பக்கம் திருப்பி வெச்சுட்டு நிலவறைக்கு சொல்லி அனுப்பினாங்க. நாங்க கதவத் தள்ளிட்டு பிளாட்ஃபாரத்துக்கு வந்தோம், ட்ரெயின் வர்ற வரைக்கும் அதே சுவத்துல ரெண்டு பேரும் சாஞ்சு நின்னோம்.